கத்தரிக்கோலுக்கு அடங்காத குரல்

மேடையிலே நிற்கும் பாடகனுக்கும் எதிரே அமர்ந்திருக்கும் மக்களுக்கும் இடையே எவருமில்லை. அவன் பாடுகிறான், பாடியது பாடியபடியே அவர்கள் செவியில் சென்று சேருகிறது. அவன் தலை நிமிர்ந்து நின்றால், நிமிர்ந்த தலையைத்தான் அவர்கள் காண்கிறார்கள். குறைத்துக் காட்டவும் திரித்துக் காட்டவும் குறுக்கே ஒரு கை கிடையாது.

திரை அப்படிப்பட்டதா? அங்கே நடிகனுக்கும் மக்களுக்கும் இடையில்தான் எத்தனை பேர்! பணம் போட்டவர், படம் பிடித்தவர், கதையைத் திருத்தியவர், தணிக்கை செய்தவர், கொட்டகை வைத்திருப்பவர்! இத்தனை பேருக்கும் மேலே ஒரு சின்னஞ்சிறு கத்தரிக்கோல்! நடிகன் நடித்தது ஒன்று, கத்தரிக்கோல் காட்டுவது மற்றொன்று. நிமிர்ந்த தலையை வெட்டிவிட்டுக் குனிந்த தலையை மட்டும் ஒட்டிக் காட்ட அந்தக் கத்தரிக்கோலால் முடியும்.

இந்த உண்மையைத் தன் வாழ்நாளையே விலையாகத் தந்து கண்டறிந்தார் ஒருவர். பால் ராப்சன் என்பது அவர் பெயர். அமெரிக்கக் கறுப்பர். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். லண்டனிலும் நியூயார்க்கிலும் இசை நாடக மேடைகளைத் தம் குரலால் நிறைத்தவர். பத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். பிறகு 1942-ல், 44-ஆம் வயதில், திரை தந்த புகழும் பணமும் வேண்டாமென்று எழுந்து போனவர்.

திரையிலே இடம் கிடைக்காதா என்று ஏங்கி நின்றவர்களின் கதை ஏராளம். கிடைத்த இடத்தை, இது என் இனத்தின் மானத்துக்கு இழுக்கு என்று சொல்லி உதறியவர்களின் கதை அரிது. அரிதானது என்பதாலேயே அதைச் சொல்கிறோம்.

அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமையாகப் பிறந்தவர். வட கரோலினாவிலே ஒரு பண்ணையில், ஆடுமாடுகளோடு ஒன்றாகக் கணக்கெழுதப்பட்டவர். 1860-ல், 15 வயதிருக்கும்போது, இரவோடு இரவாகத் தப்பி வடக்கே ஓடினார். உழைத்தார், படித்தார், பட்டம் பெற்றார், பாதிரியாரானார். நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் கறுப்பர்களுக்கான தேவாலயம் ஒன்றில் ஊழியம் செய்தார். 1901-ல் அந்தப் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அதற்குப் பிறகு அந்தப் படித்த மனிதர், வீடுகளிலிருந்து அடுப்புச் சாம்பலை அள்ளிச் செல்லும் வண்டியை ஓட்டினார். ஓட்டினாரே தவிர, எவரிடமும் கெஞ்சி நிற்கவில்லை. தாயார் ஆசிரியை. 1904-ல் அடுப்புத் தீ உடையில் பற்றி மாண்டார். அப்போது பாலுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. தாயில்லாத பிள்ளை தந்தையின் நிமிர்ந்த நடையைப் பார்த்து வளர்ந்தது.

1915-ல் ரட்கர்ஸ் கல்லூரி. போட்டித் தேர்விலே வென்று உதவித்தொகையோடு உள்ளே நுழைந்தார். அந்தக் கல்லூரி அதுவரை சேர்த்துக்கொண்ட கறுப்பு மாணவர்களின் வரிசையில் அவர் மூன்றாமவர். கால்பந்தாட்டக் குழுவில் சேரப் போனார். சேர்த்துக்கொள்ள விரும்பாத வெள்ளை மாணவர்கள் முதல் நாளே அவர் மூக்கை உடைத்தார்கள்; தோளைப் பிசகச் செய்தார்கள். தேறி எழுந்து மறுபடியும் ஆடுகளத்துக்குப் போனார். அவர் கை தரையில் ஊன்றியிருந்த நேரம் பார்த்து ஒருவன் ஆணி வைத்த காலணியால் மிதித்தான். விரல் நகங்கள் பிய்ந்தன. அப்போதும் களத்தை விட்டு அவர் அகலவில்லை. 1917-லும் 1918-லும் அமெரிக்கா முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலில் அவர் பெயர் ஏறிற்று. 1919-ல் பட்டமளிப்பு விழாவில் வகுப்பின் சார்பாகப் பேசும் பெருமையும் அவருக்கே வாய்த்தது. உடலிலும் வல்லவர், படிப்பிலும் வல்லவர். இனி என்ன குறை?

நிறம்தான் குறை!

கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சட்டம் படித்து 1923-ல் வெளியே வந்தார். நியூயார்க்கிலே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஒரு நாள், தாம் சொல்வதை எழுதிக்கொள்ளும்படி சுருக்கெழுத்துப் பெண்மணியை அழைத்தார். கறுப்பன் சொல்லி நான் எழுதுவதா என்று அவள் மறுத்துவிட்டாள். எழுதக் கற்ற கைக்கு அத்தனை திமிர்! சாதியின் பெயரால் டம்ளரைத் தனியே வைத்த நாட்டிலே வாழ்ந்தவர்களுக்கு அந்தத் திமிரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ராப்சன் அன்றோடு அந்த அலுவலகத்தைவிட்டு வெளியேறினார். கற்ற சட்டம் கையில் இருந்தது; காக்கும் சட்டம் நாட்டில் இல்லை.

அவருக்கு ஒரு துணை இருந்தது. 1921-ல் அவரை மணந்த எஸ்லாண்டா, அறிவியல் படித்தவர், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். கணவரின் குரலிலே என்ன இருக்கிறது என்பதைக் கணவருக்கு முன்பே கண்டுகொண்டவர். மேடைக்குப் போங்கள் என்று தூண்டியவர் அவர்தான். சட்டம் படிக்கும்போதே ராப்சன் சிறு நாடகங்களில் தலைகாட்டியிருந்தார். கறுப்பர்களே எழுதி, கறுப்பர்களே நடித்து நியூயார்க்கைக் கலக்கிய ஷஃபிள் அலாங் என்ற இசை நாடகத்தில், 1922-ல் சில காலம் பாட்டுக் குழுவிலும் நின்றிருந்தார். படிப்பைக் காக்கப் பாடினார் அப்போது. பிறகு பாட்டே வாழ்வாயிற்று.

1924-ல் யூஜீன் ஓ'நீல் எழுதிய நாடகங்கள் இரண்டில் தலைமை வேடம். அவற்றுள் ஒன்றிலே, வெள்ளைப் பெண்ணை மணந்த கறுப்பனாக நடித்தார். அந்தப் பெண் அவர் கையை முத்தமிடும் காட்சி ஒன்று உண்டு என்று செய்தி பரவியதும் ஊரே கொதித்தது. மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்தன. சிறுவர்கள் நடிக்கும் முதல் காட்சிக்கு நகர ஆட்சி அனுமதி மறுத்தது. குழுவினர் அந்தக் காட்சியை நடிக்காமல் படித்துக் காட்டிவிட்டு நாடகத்தை நடத்தினார்கள். கலவரம் வரும் என்றார்கள், வரவில்லை. வந்தது கைதட்டல்!

அடுத்த ஆண்டு 1925 ஏப்ரல் 19-ஆம் நாள். நியூயார்க்கிலே கிரீன்விச் வில்லேஜ் அரங்கு. ராப்சன் பாட, லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசித்தார். நிகழ்ச்சி முழுவதும் கறுப்பர்களின் பாடல்கள், வேறெதுவும் இல்லை. அடிமைகள் பருத்திக் காட்டிலே முதுகு ஒடியப் பாடிய பாடல்கள், விடுதலைக்கு ஏங்கிய பக்திப் பாடல்கள். அதுவரை மேட்டுக்குடியினர் அவற்றைக் கேலிக்கும் வேடிக்கைக்கும் உரியவையாக வைத்திருந்தனர். ராப்சன் அவற்றை இசையரங்கின் நடுவிலே அரியணை போட்டு உட்கார வைத்தார். தாய்மொழிப் பாட்டுக்கு மேடை இல்லையா என்று தமிழிசைக்காக வாதாடிய நாட்டவர் நாம். அந்த மாலைப் பொழுதின் பொருள் நமக்கு நன்றாக விளங்கும்.

அதே 1925-ல்தான் அவர் முதன்முதலாகத் திரைக்கும் போனார். ஆஸ்கார் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர், தம் இன மக்களின் கொட்டகைகளுக்காகத் தாமே பணம் திரட்டிப் படம் எடுத்தவர். அவருடைய பாடி அண்டு சோல் படத்தில் ராப்சனுக்கு இரட்டை வேடம். ஏய்த்துப் பிழைக்கும் போலிப் பாதிரி ஒருவன். நல்லவனான அவன் தம்பி மற்றொருவன். ஆனால் அது ஊமைப்பட காலம். உலகையே உருக்கிய குரல் திரைக்குப் போனபோது ஊமையாகத்தான் போயிற்று! பின்னே வரப்போவதற்கு அது ஒரு முன்னறிவிப்புப் போலவே அமைந்தது.

இசை நாடக உலகிலே அவருக்கு அழியாத இடம் தந்தது ஷோ போட். மிசிசிப்பி ஆற்றில் மிதக்கும் நாடகக் கப்பலைச் சுற்றிய கதை. ஜெரோம் கெர்ன் இசையமைக்க, இரண்டாம் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் பாடல் எழுதியது. அதிலே ஜோ என்று ஒரு பாத்திரம். மூட்டை சுமக்கும் கறுப்புத் தொழிலாளி. மனிதர் படும் பாட்டைக் கண்டும் காணாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றைப் பார்த்து அவன் பாடும் ஓல் மேன் ரிவர் என்ற பாடல், ராப்சனின் குரலை மனத்தில் வைத்தே ஆக்கப்பட்டது. 1927-ல் நியூயார்க்கில் நாடகம் அரங்கேறியபோது வேறொருவர் அந்த வேடத்தை ஏற்றார். 1928-ல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ராப்சன் ஏற்றார். கதாநாயகன் வேடமல்ல, வந்து நின்று பாடிவிட்டுப் போகும் வேடம். ஆயினும் நாடகம் முடிந்து வீடு திரும்பியவர்களின் காதிலே ஒலித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு குரல்தான். 1932-ல் நியூயார்க் மேடையிலும் அதே வெற்றி.

இதனிடையே 1930-ல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ ஆனார். கறுப்பு வீரனின் வேடத்தை வெள்ளையர் முகத்தில் மை பூசிக்கொண்டு ஆடிய காலம் அது. மை பூசத் தேவையில்லாத ஒதெல்லோ வந்து நின்றதும் லண்டன் வியந்தது. வியந்த அதே நகரம், 1929-ல், பெரிய உணவு விடுதி ஒன்றில் அவருக்கு இடமில்லையென்று திருப்பியனுப்பிய நகரம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். மேடையிலே மாலை, விடுதி வாயிலிலே அவமதிப்பு!

மேடை இவ்வளவு தந்தது. திரையோ அதைப்போல ஆயிரம் மடங்கு மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவல்லது. பேசும் படம் வந்துவிட்டது; பாடும் படமும் வந்துவிட்டது. குரலை வைத்து வாழும் ஒருவர் திரையை நாடுவது இயல்புதானே? ராப்சன் நாடினார். பணத்துக்காக மட்டுமல்ல, தம் இனத்தைக் கோமாளியாகவும் திருடனாகவும் காட்டி வந்த வெண்திரையில், மனிதனாகக் காட்டலாம் என்ற நம்பிக்கையோடு நாடினார்.

1933-ல் எம்பரர் ஜோன்ஸ். மேடையில் அவர் நடித்த ஓ'நீல் நாடகமே படமாயிற்று. கறுப்பர் கதாநாயகன், வெள்ளையர் துணை நடிகர். அமெரிக்கத் திரையிலே அது புதுமை. ஆனால் கத்தரிக்கோல் சும்மா இருந்ததா? வெள்ளைக் காவலனைக் கறுப்பன் அடித்து வீழ்த்தும் காட்சி பறந்தது. கதாநாயகனோடு நடித்த பிரெடி வாஷிங்டன் என்ற கறுப்பின நடிகையின் நிறம் வெளுப்பாக இருந்தது. வெள்ளைப் பெண்ணைக் கறுப்பன் தொடுவதாக மக்கள் எண்ணிவிடுவார்களாம்! அவர் முகத்தில் கருமை பூசி மறுபடியும் படமெடுக்கச் செய்தார்கள் தணிக்கைக்காரர்கள். கறுப்பியாகப் பிறந்தவளுக்கே கறுப்பு மை! நிறவெறி எவ்வளவு அறிவை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து வந்ததுதான் அவர் நெஞ்சிலே ஆறாத புண்ணை உண்டாக்கிய படம். 1935-ல் லண்டனில் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர். ஆப்பிரிக்காவுக்கே சென்று எடுத்து வந்த ஆடல்கள், பாடல்கள், மக்கள் வாழ்வு எல்லாம் அதில் இடம்பெறும் என்றார்கள். ராப்சன் அப்போது லண்டனிலே ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றுக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்கர்க்கும் தொன்மையான பண்பாடு உண்டு என்று எழுதியும் பேசியும் வந்தார். அந்தப் பெருமையைத் திரையில் காட்ட வாய்ப்பு என்று நம்பி, பொசாம்போ என்ற தலைவனின் வேடத்தை ஏற்றார். பின்னாளில் கென்யாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டாகூட, லண்டனில் மாணவராக இருந்த அந்த நாளில், அதில் துணை நடிகராக நின்றார்.

படம் முடிந்து வெளிவந்தபோது திரையில் தெரிந்தது என்ன? ஆப்பிரிக்கர் குழந்தைகள், வெள்ளை அதிகாரி தந்தை! அவர் ஊரில் இருந்தால் அமைதி. அவர் விடுமுறையில் போனால் அடிதடி. ராப்சனின் பாத்திரம் அந்த அதிகாரிக்கு விசுவாசமான ஆள். அவர் பாடிய பாட்டு, பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்குப் பாடிய பாட்டாக முடிந்திருந்தது. அவர் மாறவில்லை, சுற்றியிருந்ததை மாற்றிவிட்டார்கள். அடிமையின் மகன், ஆண்டைக்குச் சாமரம் வீசுபவனாகத் திரையில் நின்றான். கறுப்பின ஏடுகள் அவரைக் கண்டித்தன. அந்தக் கண்டனத்தை அவர் தள்ளிவிடவில்லை. அந்தப் படத்தைத் தம்முடையதன்று எனப் பின்னர் வெளிப்படையாகவே கைவிட்டார்.

சரி, ஹாலிவுட் எப்படி நடத்திற்று? 1936-ல் ஷோ போட் படமாயிற்று. ஜேம்ஸ் வேல் இயக்கினார். ராப்சன் ஆற்றங்கரையில் அமர்ந்து பாடும் அந்த ஒரு காட்சி, இன்றும் திரை வரலாற்றில் போற்றப்படுகிறது. ஆனால் அதே படத்தில் அதே ஜோவுக்குப் புதிதாக ஒரு பாட்டையும் சேர்த்தார்கள். மனைவி திட்டத் திட்ட அசையாமல் உட்கார்ந்திருக்கும் சோம்பேறிக் கணவனின் வேடிக்கைப் பாட்டு. கறுப்பன் என்றால் சோம்பேறி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பொய்க்கு, அந்தப் பெருங்குரலைக் கொண்டே இசை கூட்டினார்கள். ஒரு கையால் மகுடம், மறு கையால் கோமாளித் தொப்பி!

இரண்டு முறை சுட்டபின் விலகியிருக்கலாம். விலகவில்லை, வழி தேடினார். அவருடைய கூர்மையை இங்கேதான் காண்கிறோம். நடிப்பை மட்டும் விற்றால் போதாது, கத்தரிக்கோலின் மீது உரிமை வேண்டும் என்று கண்டுகொண்டார். 1936-ல் வந்த சாங் ஆஃப் ஃப்ரீடம் என்ற பிரிட்டிஷ் படத்தில், இறுதி வடிவம் தம் ஒப்புதலைப் பெற்ற பின்னரே வெளிவர வேண்டும் என்று ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினார். அந்த நாளில் எந்தக் கறுப்பு நடிகரும் கனவுகூடக் காணாத நிபந்தனை அது. லண்டன் துறைமுகத் தொழிலாளி ஒருவன் பாடகனாக உயர்ந்து, தன் ஆப்பிரிக்க வேரைத் தேடிச் செல்லும் கதை. குறைகள் உண்டு, ஆனால் கோமாளி இல்லை, கூழைக்கும்பிடு இல்லை.

அதே ஆண்டு, சி. எல். ஆர். ஜேம்ஸ் எழுதிய நாடகத்திலே ஹெய்ட்டியின் அடிமைகளைத் திரட்டி விடுதலைப் போர் நடத்திய தூசான் லூவெர்த்யூர் ஆக லண்டன் மேடையில் நின்றார். அந்த வீரனின் வரலாற்றைப் படமாக்கவும் ஆசை இருந்தது. ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் அதற்காகவே அழைத்து, 1934 இறுதியில் அவர் மாஸ்கோ சென்று பேசியும் வந்தார். படம் உருவாகவே இல்லை. ஆண்டைக்குச் சாமரம் வீசும் பொசாம்போவுக்குப் பணம் கொட்ட ஆள் இருந்தது. ஆண்டையை விரட்டிய தூசானுக்கு ஒரு படம் வாய்க்கவில்லை!

அவர் மனத்துக்கு நிறைவளித்த படம் 1940-ல் வந்த தி ப்ரவுட் வேலி. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை தேடி வரும் அமெரிக்கக் கறுப்புத் தொழிலாளி. அவன் குரலைக் கேட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பாட்டுக் குழுவிலே சேர்த்துக்கொள்கிறார்கள். நிறத்தைச் சொல்லி ஒருவன் முணுமுணுத்தபோது, சுரங்கத்தின் உள்ளே நாம் எல்லாருமே கறுப்புத்தானே என்ற பொருளில் பதில் வருகிறது. இறுதியில் தோழர்களைக் காக்க அவன் உயிரைத் தருகிறான். இது வெறும் கதையன்று. 1920-களின் இறுதியில் லண்டன் தெருவிலே, வேலையிழந்து பாடிக்கொண்டு நடந்து வந்த வேல்ஸ் தொழிலாளர்களை ராப்சன் கண்டார். அவர்களோடு சேர்ந்து நடந்தார், பாடினார். அன்று தொடங்கிய நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது.

போர் மூண்டதும் அவர் தாய்நாடு திரும்பியிருந்தார். 1942-ல் ஹாலிவுட் மறுபடியும் அழைத்தது. டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன். ஒரு கோட்டு கைமாறிக் கைமாறிச் செல்லும் கதை. கடைசியில் அந்தக் கோட்டு, பணத்தோடு விமானத்திலிருந்து கறுப்புக் குடியானவர்களின் சேரியிலே விழுகிறது. அவர்கள் அதைக் கடவுள் தந்த பணம் என்று நம்பி ஆடிப் பாடுகிறார்கள். பணத்தைப் பங்கிட்டு நிலம் வாங்குவதை உழைப்பாளிகளின் எழுச்சியாகக் காட்டலாம் என்று எண்ணி ராப்சன் ஒப்புக்கொண்டார். மாற்றச் சொல்லியும் பார்த்தார். வெளிவந்தது பழைய கதைதான்: ஒன்றுமறியாத கறுப்பன், வானத்தைப் பார்த்து வாய் பிளக்கும் கறுப்பன்.

போதும் என்றார் ராப்சன். செய்தியாளர்களை அழைத்தார். இந்தப் படம் என் இனத்தை இழிவு செய்கிறது, இதை எதிர்த்து மறியல் நடந்தால் நானும் மறியலில் நிற்பேன் என்று அறிவித்தார். தாம் நடித்த படத்துக்கே எதிராக மறியல் செய்ய முன்வந்த நடிகரை உலகம் அதற்கு முன் கண்டதுண்டா? அதன்பின் ஹாலிவுட் படம் எதிலும் அவர் நடிக்கவே இல்லை. அதே 1942-ல், தொழிலாளர் உரிமை நசுக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லும் நேட்டிவ் லேண்டு என்ற படத்துக்கு வருணனையும் பாட்டும் தந்தார். வேடம் கேட்டவர்களுக்கு இல்லையென்றவர், கொள்கை கேட்டவர்களுக்குக் குரலைக் கொடுத்தார்.

திரையை விட்டவர் வீழ்ந்தாரா? 1943-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஒதெல்லோவாக நின்றார். 296 முறை அரங்கேறிற்று அந்த நாடகம். பிராட்வேயிலே ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அவ்வளவு நாள் தொடர்ந்து நடந்ததில்லை. பிறகு ஊர் ஊராகச் சென்றபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைக்கும் அரங்குகளில் ஆடமாட்டேன் என்று நிபந்தனை போட்டார். ஓல் மேன் ரிவர் பாடலையும் அவர் விட்டுவைக்கவில்லை. சோர்வையும் அச்சத்தையும் சொன்ன வரிகளை, போராட்டத்தைச் சொல்லும் வரிகளாக மாற்றி மேடைதோறும் பாடினார். திரையில் அவரை வெட்டினார்கள். மேடையில் அவர் பாட்டையே திருத்தினார். மேடை மனிதனுக்குத் தரும் உரிமை அது!

அதனால்தான் மேடையையும் அவரிடமிருந்து பறிக்க முனைந்தார்கள். 1946-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமனை நேரில் கண்டு, கறுப்பரைக் கும்பலாகக் கொல்லும் கொடுமைக்குச் சட்டம் எங்கே என்று கேட்டார். 1949-ல் பாரிசில் நடந்த சமாதான மாநாட்டில் பேசினார். பேச்சு திரிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. துரோகி என்று தூற்றினார்கள். அந்த ஆகஸ்டு 27-ல் நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் ஊரருகே அவர் பாட இருந்த நிகழ்ச்சியை வெறியர் கும்பல் தாக்கி நிறுத்திற்று. செப்டம்பர் 4-ல் மறுபடியும் அதே ஊருக்குப் போனார். தொழிற்சங்கத் தோழர்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து வேலியாக நிற்க, ஏறத்தாழ 20,000 பேர் முன்னிலையில் பாடினார். பாட்டு முடிந்து திரும்பியவர்களின் வண்டிகள் மீது கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது அரசு. உள்ளூரில் அரங்குகளின் கதவு சாத்தப்பட்டது. வெளிநாட்டுக்குப் போக வழியும் அடைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய வருமானம் சில ஆயிரமாகச் சுருங்கிற்று. மண்டியிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். சொன்னாரா? 1952 மே 18-ல் அமெரிக்கா கனடா எல்லைக்குப் போனார். அமெரிக்க மண்ணிலே நிறுத்திய லாரியின் மேல் ஏறி நின்று, எல்லைக்கு அப்பால் திரண்டிருந்த பல்லாயிரவர்க்குப் பாடினார். உடலைத் தடுத்த எல்லைக்கோடு குரலைத் தடுக்கவில்லை. 1956-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டபோது, என் தந்தை அடிமையாக உழைத்துக் கட்டிய நாடு இது, இதைவிட்டு எவரும் என்னை விரட்ட முடியாது என்ற கருத்துப்பட முழங்கினார். 1957-ல் வேல்ஸ் தொழிலாளர்கள் அழைத்தார்கள். போக முடியாதவர், கடலடியில் போட்ட தொலைபேசிக் கம்பியின் வழியே பாடினார். அக்கரையிலே அரங்கு நிறைந்திருந்த மக்கள் அவருக்குத் திருப்பிப் பாடினார்கள்.

1958-ல் அவருக்கு 60 வயது. இந்தியாவில் அதற்கு விழா எடுத்தார்கள். பிரதமர் நேரு வாழ்த்தறிக்கை விடுத்தார். அமெரிக்க அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். விழாவைத் தடுக்கவும் முயன்றார்கள். நேருவோடு நம் இயக்கத்துக்கு மாறுபாடுகள் எத்தனையோ இருந்தன. ஆனால் வல்லரசின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் ஒடுக்கப்பட்ட ஒரு கலைஞனுக்குக் கை கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். அதே ஆண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருத்தைக் காரணம் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்கக் கூடாது என்ற வழியில் தீர்ப்பளித்தது. எட்டாண்டுக்குப் பின் ராப்சனின் சிறைக் கதவு திறந்தது.

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. சோவியத் நாடு தம்மை மனிதனாக மதித்தது என்ற நன்றியிலே, அங்கே ஸ்டாலின் ஆட்சி செய்த கொடுமைகளைப் பற்றி அவர் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. 1949-ல் மாஸ்கோவில் தம் நண்பரான யூதக் கவிஞர் இத்சிக் ஃபெஃபரைச் சந்தித்து, அவருக்கு நேரவிருந்த ஆபத்தை அறிந்தார். அங்கே மேடையிலே யூதர்களின் எதிர்ப்புப் பாடலைப் பாடினார். தாயகம் திரும்பியதும் மௌனமானார். அந்தக் கவிஞர் 1952-ல் கொல்லப்பட்டார். மனிதரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது நமக்கு உடன்பாடில்லை. ஆகவே அந்த மௌனத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு கொடுமையை எதிர்த்த வாய் மற்றொரு கொடுமைக்கு முன் மூடியிருந்ததை வரலாறு குறித்தே வைக்கும்.

1960-ல் ஆஸ்திரேலியா சென்றார். சிட்னி நகரில் புகழ்பெற்ற இசை அரங்கு அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. சாரத்தின் மேலும் கல் குவியலின் மேலும் அமர்ந்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்கு அங்கேயே நின்று பாடினார். அரங்கு திறக்கப்பட்டது 1973-ல். சீமான்களுக்குப் பாடும் முன்பே அந்த இடத்தில் தொழிலாளிக்குப் பாடிவிட்டவர் அவர்! பிறகு நோய் வந்தது, மனச்சோர்வு வந்தது. 1965-ல் எஸ்லாண்டாவும் மறைந்தார். பிலடெல்பியாவில் சகோதரியின் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்து, 1976 ஜனவரி 23-ல் கண்மூடினார். ஹாலிவுட், சாலையில் நட்சத்திரம் பதித்து அவர் பெயரைப் பொறித்தது 1979-ல். இறந்தவர் எழுந்து வந்து மறியல் செய்யமாட்டார் என்ற துணிவு போலும்!

இந்த வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? திரை வேண்டாம் என்பதா? இல்லவே இல்லை. நாடக மேடையிலிருந்து திரைக்குச் சென்று, 1949-ல் வேலைக்காரியையும் 1952-ல் பராசக்தியையும் தந்த இயக்கத்தின் வழிவந்தவர்கள் நாம். திரையின் வலிமை நமக்குத் தெரியும். ராப்சனிடம் குரல் இருந்தது, திறமை இருந்தது, துணிவு இருந்தது. எழுதும் பேனாவும் வெட்டும் கத்தரிக்கோலும் அவருடைய மக்களின் கையில் இல்லை. ஆகவே அவருக்கு எஞ்சிய ஒரே உரிமை, எழுந்து போகும் உரிமை. அதையும் பயன்படுத்தாமல் அடிபணிந்து கிடந்தவர்கள் ஆயிரம் பேர், பயன்படுத்தினார் அவர்.

ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை திரைக்குப் போனால் மகிழ்வோம், மாலையிடுவோம், விசிலும் அடிப்போம். அதோடு நின்றுவிட வேண்டாம். அவன் வாயிலே வைக்கப்பட்ட வசனத்தை எழுதியவர் யார், அவன் நிமிர்ந்து நின்ற காட்சியை வெட்டியவர் யார் என்றும் கேட்போம். நடிப்பவன் நம்மவன் என்றால் பாதி வெற்றி. கத்தரிக்கோல் நம் கைக்கு வரும் நாளில்தான் மீதிப் பாதி.